ஸ்ரீவைஷ்ணவ ரக்ஷை: வீரையும் ஊர்வரலாற்றுக் கழகமும்

கோயிற் கல்வெட்டுகளை வாசித்துப் பழகியவர் அறிந்த முடிவுத்தொடர் ஒன்றுண்டு. மெய்க்கீர்த்தி, ஆட்சியாண்டு, நாடு, ஊர், நிலத்தின் நான்கெல்லை, நந்தாவிளக்குக்கு விட்ட ஆடுகளின் தொகை ஆகிய யாவும் சொல்லி முடித்தபின், இறுதியில் 'இது ஸ்ரீவைஷ்ணவ ரக்ஷை' என்று பொறித்திருப்பார்கள். சிவாலயமாயின் 'பன்மாஹேச்வர ரக்ஷை' என்றிருக்கும். தர்மத்தைச் செய்தவன் அரசனாயினும், வணிகனாயினும், ஆடு மேய்ப்பவனாயினும், அதன் காவலை அவன் தன் வம்சத்தாரிடம் விட்டுப் போகவில்லை. அந்தக் கோயிலைச் சேர்ந்த அடியார் திரளிடம் ஒப்படைத்தான். எழுத்து நிலைத்திருக்கும் வரையில் அவன் ஒப்படைத்ததும் நிலைத்திருக்கும். ஒப்படைக்கப்பட்டவர்களுக்கோ இன்று அவ்வெழுத்தை வாசிக்கத் தெரியாது. வாசிக்கத் தெரியாத ஒன்றை ரக்ஷிப்பது எங்ஙனம் என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொண்ட விசாரம். ஊர்தோறும் வரலாற்றுக் கழகம் வேண்டும் என்று அடியேன் விண்ணப்பிப்பதும் இதுபற்றியே.

கழகம் என்றால் பெயர்ப்பலகையும் பொன்னாடையும் நினைவுக்கு வருதல் இயல்பு. அடியேன் கருதுவது அதுவன்று. ஓர் ஊரில் ஐந்தாறு பேர் கூடித் தம் ஊர்க் கோயிலின் கல்லையும், வீடுகளின் பரணையும், முதியோரின் நினைவையும், சர்க்கார்ப் பதிவேடுகளையும் ஒன்றோடொன்று ஒத்துப் பார்த்து எழுதிவைத்தால் அதுவே கழகம்.

இதற்கு நடைமுறையில் உள்ள சான்று, நமக்கு உகந்ததொரு திவ்யதேசத்திலேயே இருக்கிறது. திருமங்கையாழ்வார் மங்களாசாஸனம் செய்தருளிய திருப்புல்லாணியில், அவ்வூர் அரசு மேல்நிலைப்பள்ளியைச் சார்ந்து 2010 ஆம் ஆண்டு முதல் தொன்மைப் பாதுகாப்பு மன்றம் என்ற பெயரில் ஓர் அமைப்பு நடந்துவருகிறது. ஆசிரியரின் வழிகாட்டலில் பள்ளிப் பிள்ளைகள் தமிழி, வட்டெழுத்து முதலிய பழைய எழுத்துகளை வாசிக்கப் பழகுகிறார்கள். கோயிற் சுவர்களைப் பார்வையிடுகிறார்கள். தம் தம் ஊர்களில் கிடைக்கும் பானையோட்டையும் பழங்காசையும் கொண்டுவந்து, அவை எங்கே எப்படிக் கிடைத்தன என்பதைக் குறித்து வைக்கிறார்கள். கண்காட்சி நடத்தி ஊராருக்குக் காட்டுகிறார்கள். அண்மையிலுள்ள பெரியபட்டினத்தில் அகழ்ந்தபோது சீனத்துப் பீங்கான் ஓடுகள் வெளிப்பட்ட செய்தி அறிஞர் உலகம் அறிந்தது. அந்தக் கடற்கரையின் பிள்ளைகளே அவ்வோட்டைக் கையிலெடுத்து இன்ன நாட்டது என்று சொல்லும் நிலை வந்திருக்கிறது. ஆதிஜகந்நாதப் பெருமாளின் ஊரில் எல்லாக் குலத்துப் பிள்ளைகளும் 'ஸ்வஸ்தி ஸ்ரீ' என்று கல்லை வாசிக்கத் தொடங்கியிருக்கிறார்கள் என்றால், கோயிலைச் சேர்ந்தவர்களே வந்து இதைச் செய்யவேண்டும் என்று எவரும் காத்திருக்கவில்லை என்பது விளங்கும். திருச்சிராப்பள்ளியில் கண் மருத்துவராகிய இரா. கலைக்கோவன் அவர்கள் 1982 ஆம் ஆண்டு தொடங்கிய டாக்டர் மா. இராசமாணிக்கனார் வரலாற்று ஆய்வு மையமும், மதுரையில் உள்ள பாண்டிய நாட்டு வரலாற்று ஆய்வு மையமும் பெரிய அளவில் இப்பணியைச் செய்வன. அடியேனுக்கு வியப்பளிப்பது திருப்புல்லாணியே. ஏனெனில் அது ஊரளவில் நிற்பது.

இனி வீரகேரளம்புதூருக்கு வருவோம். குற்றால மலையிலிருந்து இறங்கித் தென்காசி வழியே ஓடிவரும் சிற்றாற்றின் கரையில் உள்ள ஊர்; இன்று தென்காசி மாவட்டத்தின் தாலுகாத் தலைநகரங்களுள் ஒன்று. ஊற்றுமலை ஜமீன்தார்களின் அரண்மனை இருந்த இடம். அவர்கள் வழிபட்ட நவநீதகிருஷ்ணன் இங்கே எழுந்தருளியிருக்கிறான். இவ்வூர் நூற்றெட்டுத் திருப்பதிகளுள் ஒன்றன்று. ஆகையால் ஆழ்வார் பாசுரமோ, அதன் வ்யாக்யானமோ, ஸ்தலத்தைப்பற்றிய ஆசார்யர்களின் குறிப்போ இதன் சரித்திரத்துக்குத் துணை வாராது. மங்களாசாஸனம் பெற்ற ஊருக்கு ஆழ்வார்களே சரித்திரகாரர்கள். பெறாத ஊருக்கு ஊராரே அதைச் செய்துகொள்ளவேண்டும். தமிழகத்துப் பெருமாள் கோயில்களுள் மிகப் பல இவ்வகையைச் சேர்ந்தவை என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

ஊர்ப்பெயரிலிருந்தே வேலையைத் தொடங்கலாம். அங்கேதான் முதல் இடறலும் காத்திருக்கிறது. 'வீரகேரளன்' என்பது ஒருவர்க்கே உரிய பெயரன்று. முதலாம் ராஜாதிராஜ சோழனுடைய மெய்க்கீர்த்தியில் யானைக்காலில் இடப்பட்டவனாகக் கூறப்படும் வீரகேரளன் ஒருவன். வேணாட்டை ஆண்ட வீரகேரளவர்மர்கள் வேறு. இவர்களுள் ஒருவரைப் பிடித்துக்கொண்டு 'இவரே நம் ஊரை நிறுவினார்' என்று எழுதிவிடுவது எளிது. அப்படி எழுதியது அடுத்த திருவிழா மலரில் அச்சாகும். பத்தாண்டுகளில் அதுவே ப்ரமாணமாகிவிடும். 'வீரை' என்று புலவர்கள் சுருக்கி வழங்குவதிலும் இதே சிக்கல் உண்டு. சங்கத் தொகையில் வீரை வெளியனார் என்ற புலவர் பெயர் வருகிறது; அகநானூற்றில் வீரை என்னும் கடற்றுறை வருகிறது; ஸௌந்தர்யலஹரியைத் தமிழ்ப்படுத்தியவரை வீரை கவிராச பண்டிதர் என்கிறார்கள். உப்பு விளையும் கடற்றுறையைச் சிற்றாற்றங்கரைக்குக் கொண்டுவர முடியுமா? பெயரொற்றுமை கண்டு மகிழ்பவர்கள் இதை நிதானிக்கவேண்டும். புதூர் என்ற ஈற்றுச் சொல் இதனிலும் பயன் தருவது. புதிய ஊர் என்றால் பழைய ஊர் ஒன்று அருகில் இருந்திருக்கவேண்டும் என்பது அநுமானம். அது எது, அங்கே மேடு உண்டா, இடிந்த கோயில் உண்டா, வயற்பெயர்கள் என்ன சொல்லுகின்றன என்று நடந்து பார்ப்பதே கழகத்தின் முதல் வேலையாக இருக்கத்தக்கது. குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயருக்கு மதுரை நாயக்க மன்னர் முத்துவிஜயரங்க சொக்கநாதர் விட்ட நிலத்துக்குக் குறவஞ்சிமேடு என்ற பெயர் நின்றது. ஒரு வயலின் பெயர் ஒரு நூலின் அரங்கேற்றத்துக்குச் சாக்ஷியாகிறது அல்லவா?

வீரையின் சரித்திரத்தில் ஓரளவு வெளிச்சம் பட்டிருக்கும் பகுதி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி. அக்காலத்து ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர் தமிழ்ப் புலமையும் தமிழ்ப் புலவர்பால் பேரன்பும் உடையவர். காவடிச்சிந்து பாடிய சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் இவரால் ஆதரிக்கப்பெற்றவர். வீரைத் தலபுராணம், வீரை நவநீதகிருஷ்ணசாமி பதிகம் என்பனவும் ரெட்டியார் பெயரால் வழங்கும் நூல்கள். கழுகுமலை முருகனைப் பாடிய சிந்து நாடெங்கும் பரவியது. நம் நவநீதகிருஷ்ணனைப் பாடியவற்றைப் பாடுவோர் அருகிவிட்டனர். உ. வே. சாமிநாதையர் ஏடு தேடி வந்தபோது இந்த ஜமீன்தாரைச் சந்தித்துப் பழகியதைத் தம் சரித்திரத்தில் விரிவாகவே எழுதியிருக்கிறார். கோயில், அரண்மனை, புலவர் கூட்டம் ஆகிய மூன்றும் ஒரே தெருவெல்லைக்குள் இயங்கிய காலம் அது.

அதே ஏடு தேடும் யாத்திரைகளில் ஐயர் பதிவு செய்துள்ள இரண்டு நிகழ்ச்சிகளை ஊர்வரலாற்றுக் கழகத்தார் ஒவ்வொருவரும் அறிந்திருக்கவேண்டும். ஒன்று கரிவலம்வந்தநல்லூரில் நடந்தது. அதுவும் இந்தச் சீமையைச் சேர்ந்த ஊரே. அவ்வூர்க் கோயிலில் பாண்டியர் காலத்து ஏடுகள் இருப்பதாகக் கேள்விப்பட்டுச் சென்றார். தேவஸ்தானத்தைச் சேர்ந்த ஒருவர், அவ்வேடுகள் சிதிலமாகிவிட்டபடியால் ஆகமத்தில் சொன்ன முறைப்படி நெய்யில் தோய்த்து அக்நியில் இட்டுவிட்டதாக அவரிடம் கூறினார். கேட்ட ஐயர் பட்ட வேதனையை அவர் எழுத்திலேயே காணலாம். கோயில் வழியில் வந்தவர்களுக்கு இச்செய்தி வேறொரு வகையிலும் உறைக்கவேண்டும். சிதிலமான தாரு பிம்பத்தை அக்நியிலும், சிலா பிம்பத்தை ஜலத்திலும் சேர்ப்பது ஜீர்ணோத்தார விதி. அங்கும் அதோடு முடிவதில்லை. புதிய பிம்பத்தை ப்ரதிஷ்டை செய்தபின்பே உத்தாரம் என்ற சொல் பொருள்படும். ஏட்டுக்குப் புது பிம்பமாவது ப்ரதி. ப்ரதி எடுக்காமல் ஏட்டை எரித்தது ஜீர்ணம் மட்டுமே. உத்தாரம் அங்கே நிகழவில்லை. சாஸ்த்ரத்தின் ஒரு பாதியை அறிந்தவர்களால் நேர்ந்த நஷ்டம் இது.

மற்றொன்று ஆழ்வார்திருநகரியில் நடந்தது. பத்துப்பாட்டைப் பதிப்பிக்க ஏடு தேடி லக்ஷ்மண கவிராயர் வீட்டுக்கு வந்து, நாள்கணக்கில் கட்டுகளைப் பிரித்துப் பார்த்தும் வேண்டியது அகப்படவில்லை. மனம் தளர்ந்திருந்த அன்றிரவு பெருமாளும் நம்மாழ்வாரும் வீதியில் எழுந்தருள, தமிழ் வேதம் தந்த ஆழ்வாரையே ஐயர் பிரார்த்தித்துக்கொண்டார். பின்னர்க் கவிராயர் தம் மாமனார் தேவர்பிரான் கவிராயரிடம் போயிருந்த கட்டை வாங்கிக்கொண்டு வந்தார். தெருவிலேயே நிலா வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தபோது முல்லைப்பாட்டு என்ற பெயர் கண்ணில் பட்டது. பத்துப்பாட்டு 1889 ஆம் ஆண்டு அச்சேறியது. ஏடு அழியாமல் நின்றதற்குக் காரணம் ஒரு குடும்பம் தன் வீட்டுப் பரணை மதித்தது. கிடைத்ததற்குக் காரணம், அது எந்த உறவினர் வீட்டுக்குப் போயிற்று என்பதை ஒருவர் நினைவில் வைத்திருந்தது. இரண்டாவது காரணத்தை நாம் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை. இன்று அக்ரஹாரங்கள் காலியாகிவிட்டன. வீடுகள் கைமாறும்போது பரண்மேல் இருந்த கட்டுகள் எங்கே போயின என்பதைச் சொல்லக்கூடியவர்கள் எண்பதைக் கடந்தவர்கள். அவர்களிடம் போய் உட்கார்ந்து கேட்பதற்குப் பட்டம் வேண்டியதில்லை; ஒரு குறிப்பேடும் பொறுமையும் இருந்தால் போதும்.

கேட்டதை எழுதும் முறையை நமக்கு வேறெவரும் கற்றுக்கொடுக்கவேண்டியதில்லை. ஈடு முப்பத்தாறாயிரப்படியைக் காலக்ஷேபம் கேட்டவர்கள் அறிவார்கள்: ஒரு பாட்டுக்கு ஆளவந்தார் அருளிச்செய்யும் நிர்வாஹம் ஒன்று, எம்பெருமானார் நிர்வாஹம் ஒன்று, பட்டர் நிர்வாஹம் ஒன்று என்று வேறுபாட்டைப் பெயரிட்டே காட்டுவார் நம்பிள்ளை. யார் சொன்னார், யாரிடம் சொன்னார், எந்த ஸந்தர்ப்பத்தில் சொன்னார் என்பது ஐதிஹ்யத்தோடு கூடவே வரும். வேறுபட்டவற்றைப் பிசைந்து ஒன்றாக்கும் வழக்கம் அங்கே இல்லை. அந்த ஈடுதானும் எப்படி வந்தது என்பதற்குப் பரம்பரை சொல்லப்படுகிறது: வடக்குத் திருவீதிப் பிள்ளை ஏடுபடுத்தியது, ஈயுண்ணி மாதவர் கைக்கு வந்து, அவர் குமாரர் பத்மநாபர் வழியாக நாலூர்ப்பிள்ளைக்கும், நாலூராச்சான் பிள்ளைக்கும், திருவாய்மொழிப்பிள்ளைக்கும், அவரிடமிருந்து மணவாளமாமுனிகளுக்கும் வந்தது. மாமுனிகள் அதில் எடுத்தாளப்பட்ட மேற்கோள்களின் ஆகரங்களைத் தேடி ப்ரமாணத்திரட்டும் அருளினார். ஒரு சுவடி எவரெவர் கையில் இருந்து வந்தது என்பதைச் சொல்லுவதும், மேற்கோளின் மூலத்தைத் தேடிக் காட்டுவதும் இக்கால வரலாற்றாசிரியர் போற்றும் நெறிகள். நமக்கு அவை ஸம்ப்ரதாயத்திலேயே உள்ளவை.

ப்ரத்யக்ஷம், அநுமானம், சப்தம் என்ற மூன்றே நம் தர்சனத்தில் ப்ரமாணங்கள். ஐதிஹ்யம் தனி ப்ரமாணமன்று; ஆப்தனுடைய வாக்காக இருந்தால் சப்தத்தில் அடங்கும், மூலம் தெரியாவிட்டால் தள்ளுண்ணும். 'பெரியவர்கள் சொல்லுவார்கள்' என்று தொடங்கும் ஸ்தலவரலாற்றை எழுதுவோர் எந்தப் பெரியவர் என்று ஒரு வரி சேர்த்தால் அந்த வரலாற்றின் மதிப்பே மாறிவிடும்.

கல்லும் கேள்வியும் மாறுபடும் இடங்கள் வரும்; அங்கேதான் கழகத்தின் நேர்மை சோதிக்கப்படும். அம்பாசமுத்திரத்தை அடுத்த மன்னார்கோயிலை எடுத்துக்கொள்வோம். ராஜகோபாலன் ஸந்நிதி, குலசேகரப் பெருமாள் தம் இறுதி நாள்களில் எழுந்தருளியிருந்த இடமென்று ஸம்ப்ரதாயத்தார் போற்றும் தலம். அங்குள்ள கல்வெட்டுகளோ, சோழபாண்டியர் ஆண்ட பதினோராம் நூற்றாண்டில், சேர மன்னன் ராஜசிம்ஹன் இக்கோயிலை எடுப்பித்ததாகவும், ராஜேந்திரசோழ விண்ணகர் என்பது அதன் பெயரென்றும் கூறுகின்றன. சேரன் எடுப்பித்த கோயில், சோழன் பெயர், பாண்டிய மண்ணில்! இதைக் கண்டு ஆழ்வாரைப்பற்றிய ஐதிஹ்யம் பொய்யாயிற்று என்று கூத்தாடுவோரும் உண்டு. கல்வெட்டைக் கண்ணால் பார்க்கவே மாட்டோம் என்பவர்களும் உண்டு. விமானம் எழுந்த காலத்தைக் கல் சொல்லுகிறது. அதற்கு முன் அவ்விடத்தில் யார் எழுந்தருளியிருந்தார் என்பதைப்பற்றி அது வாய்திறக்கவில்லை. சொன்னதைச் சொன்ன அளவில் கொள்ளவேண்டும். சொல்லாததை அதன் வாயில் இடலாகாது. ஸூத்ர வாக்யத்துக்குப் பொருள் கொள்ளும்போது நாம் கைக்கொள்ளும் நெறிதானே இது?

குற்றாலத்து விஷயத்தில் நம்மவர்க்கே கொஞ்சம் அடக்கம் வேண்டியிருக்கிறது. அங்கே விஷ்ணுவாக இருந்த மூர்த்தியை அகஸ்தியர் லிங்கமாகக் குழைத்தார் என்று அவ்வூர்த் தலபுராணம் பேசுகிறது. இதை வைத்துக்கொண்டு சிலர் நம் பக்கத்தில் வழக்காடப் புறப்படுகிறார்கள். தலபுராணம் சொல்லுவதைத் தலபுராணம் சொல்லுவதாகவே குறித்து வைப்பதுதான் கழகத்தின் தர்மம். சரித்திரம் என்ற பெயரால் பழைய வாதத்தைப் புதிதாக மூட்டுவதற்குக் கழகம் வேண்டாம். அதற்கு மேடைகள் பல உண்டு.

எழுத்துக்கு இன்று நேரும் ஆபத்து வாதத்தால் வருவதன்று, திருப்பணியால் வருவது. சுவரில் படிந்த எண்ணெயும் சுண்ணாம்பும் போகவேண்டுமென்று மணலைக் காற்றழுத்தத்தால் பீய்ச்சியடித்தார்கள். கருங்கல் பளிச்சென்று வந்தது. எழுநூறு எண்ணூறு ஆண்டு எழுத்து மழுங்கிப் போயிற்று. கூடாதென்று பிற்பாடு தடை வந்தது. அதற்குள் எத்தனையோ சுவர்கள் வழவழப்பாகிவிட்டன. வேறு சில இடங்களில் கல்வெட்டுள்ள அதிஷ்டானத்தின்மேல் ஓடு பதிக்கிறார்கள், அல்லது தரையை உயர்த்திப் புதைத்துவிடுகிறார்கள், அல்லது உபயதாரர் பெயரைப் பழைய எழுத்தின் மேலேயே வண்ணத்தில் எழுதுகிறார்கள். அடியேன் தகப்பனாரிடம் க்ரந்தாக்ஷரம் கற்ற நாளில் விரல் வைத்துத் தடவிப் பயின்ற ஒரு மண்டபத் தூண் இன்று மின்விசிறிப் பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது. பக்தியில் குறைவில்லை, இது எழுத்து என்பதைச் சொல்லுவார் இல்லை.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இதைவிட நன்றாகச் செய்தார்கள். திருமழபாடிக் கோயிலின் விமானத்தைப் பிரித்துப் புதுக்கும்படி முதலாம் ராஜராஜன் ஆணையிட்டபோது, சுவரிலிருந்த பழைய கல்வெட்டுகளை முதலில் புத்தகத்தில் ப்ரதி எடுத்துக்கொள்ளச் செய்தான். திருப்பணி முடிந்து, அவன் குமாரன் ராஜேந்திரன் காலத்தில் அவை மீண்டும் கல்லில் பொறிக்கப்பட்டன. இச்செய்தியை அக்கோயிற் கல்வெட்டே கூறுகிறது. பாலாலயம் எத்தனை அவசியமோ அத்தனை அவசியம் இந்த ப்ரதி. திருப்பணிக் குழுவில் கழகத்தார் ஒருவர் இருந்து, பாலாலயத்துக்கு முன் மைப்படி எடுக்கப்பட்டதா என்று கேட்டாலே போதும். மைப்படி எடுப்பது மந்த்ர ரஹஸ்யமன்று: மெல்லிய தூரிகையும் நீரும் கொண்டு கல்லைத் துடைத்து, நனைத்த தாளைச் சுவரில் ஒட்டி, எழுத்தின் பள்ளத்தில் தாள் பதியுமாறு தூரிகையால் தட்டி, ஈரம் காயும் தறுவாயில் மைப்பொதியால் ஒற்றவேண்டும். எழுத்து வெண்மையாகவும் சூழ்ந்த இடம் கருமையாகவும் தாளில் இறங்கும். கம்பித் தூரிகை, அமிலம், உளி மூன்றும் கல்லின் பக்கத்தில் போகலாகாது.

நம் ராஜதானியில் ஹுல்ட்ஷ் பண்டிதர் காலந்தொட்டு, அதாவது 1880களின் பிற்பகுதி முதல், கல்வெட்டுகளைச் சர்க்கார் படியெடுத்து வந்திருக்கிறது. ஆண்டறிக்கைகளில் சுருக்கம் வரும். தென்னிந்தியக் கல்வெட்டுகள் என்ற வரிசையில் முழு வாசகம் வரும். படியெடுத்தவற்றுள் கணிசமான பகுதி இன்னும் முழு வாசகமாக அச்சேறவில்லை. செங்கோட்டைச் சீமை 1956 ஆம் ஆண்டுவரை திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தபடியால், இப்பக்கத்துச் செய்திகளைத் தேடுவோர் திருவிதாங்கூர்த் தொல்லியல் வரிசையையும் புரட்டவேண்டும். அதைத் தொடங்கி நடத்திய து. அ. கோபிநாதராவ் அவர்களே ஸ்ரீவைஷ்ணவ சரித்திரம் குறித்துச் சென்னையில் சொற்பொழிவுகள் செய்தவர் என்பதை நம் வாசகர்கள் அறிவார்கள். தென்காசிக் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியனின் பாட்டுகளும் கல்லில் உள்ளவை. 1446 ஆம் ஆண்டு தொடங்கிய திருப்பணி அது. இக்கோயிலுக்குப் பின்னாளில் குறை நேருமாயின் அதை நீக்கிக் காப்பவர் யாராயினும் அவரைத் தான் உலகறியப் பணிந்ததாக அவ்வரசன் அதில் சொல்லுகிறான். சிவாலயம்தான். ஆயினும் முடியுடைய மன்னன் முகமறியாத ஒருவரை முன்கூட்டியே வணங்கிவிட்டுப் போன இடம் வீரைக்கு வெகு தொலைவில் இல்லை.

கல்லில் ஏறாத செய்திகளுக்குப் பதிவேடுகள் உண்டு. காலின் மெக்கன்ஸி துரை, 1821 ஆம் ஆண்டு அவர் மறையும்வரை, ஊர்ஊராக ஆளனுப்பிக் கணக்கர்களிடமும் கோயிலாரிடமும் கேட்டு எழுதுவித்த கைபீதுகளும், பாளையக்காரர் வம்சாவளிகளும் சென்னைக் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் இருக்கின்றன. 1858 ஆம் ஆண்டு ஏற்பட்ட இனாம் கமிஷன் ஊர்தோறும் விசாரித்த பதிவேட்டில், கோயிலுக்கு எவ்வளவு நிலம், எந்தக் கைங்கர்யத்துக்கு, அநுபவிப்பவர் யார் என்பதெல்லாம் கிடைக்கும். வீரை போன்ற ஜமீன் ஊருக்கு இதில் ஒரு நுட்பம் உண்டு. நிரந்தரத் தீர்வைக்குப் பின்னர் ஜமீன்தார்கள் தம் எல்லைக்குள் விட்ட மான்யங்களை அந்தப் பதிவேட்டில் எதிர்பார்ப்பதைக் காட்டிலும் அரண்மனைக் கணக்குகளில் தேடுவதே பலன் தரும். 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜமீன் ஒழிந்தபோது அரண்மனைக் கணக்குகள் பயனற்ற காகிதமாகக் கருதப்பட்ட ஊர்கள் பல. எஞ்சியவற்றைக் காண்பவர் எடைக்குப் போடுமுன் ஒருமுறை பிரித்துப் பார்க்கவேண்டும். உறியடிக்கு எத்தனை படி வெண்ணெய், தீவட்டிக்கு எத்தனை படி எண்ணெய், திருப்பணியாளருக்கு எந்த வயல் என்பன அங்கேதான் அகப்படும்.

ஜமீன்தாரையும் புலவரையும் மட்டும் எழுதினால் அது ஊரின் சரித்திரமாகாது என்பதையும் சொல்லவேண்டும். திருவரங்கத்துக் கோயிலொழுகைப் படித்தவர், உடையவர் வகுத்ததாக அதில் கூறப்படும் பத்துக்கொத்தை நினைவுகூர்வார்கள். திருமஞ்சனம் கொணர்வோர், தீவட்டி பிடிப்போர், வாத்தியக்காரர், காவல்புரிவோர் என்று ஒவ்வொருவருக்கும் அங்கே இடமும் பெயரும் உண்டு. கோயிலொழுகில் மிகைகள் உண்டு, காலக்குழப்பங்கள் உண்டு. ஆனால் பல்லக்குத் தூக்கியவரை அது விட்டுவிடவில்லை. நம்பெருமாள் திரும்பி எழுந்தருளியதைச் சொல்லும் கோபணார்யனின் சகம் 1293, அதாவது 1371 ஆம் ஆண்டுக் கல்வெட்டும் ஒழுகின் வரலாறும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதைப் பார்க்கும்போது, ஊராரே எழுதிவைத்த கணக்கை எள்ளத் தோன்றாது. வீரையிலும் திருமாலை கட்டியவர், பானை வனைந்தவர், மடைதிறந்தவர், வெளுத்தவர், நாகஸ்வரம் வாசித்தவர் ஆகியோரின் குடும்பங்களில் கோயிலைப்பற்றி வழங்கும் சொற்களைத் தனியே எழுதிக்கொள்ளவேண்டும். அவர்கள் சொல்லுவதை நம் சொல்லாக மாற்றாமல், அவர்கள் சொன்னபடியே எழுதவேண்டும்.

விடுபட்ட இடங்களை என்ன செய்வது? ஊர்வரலாறு எழுதுவோரை மிகவும் ஆட்டிவைப்பது இந்த ஆசைதான். இரண்டு கல்வெட்டுக்கு நடுவே இருநூறு ஆண்டு இடைவெளி இருந்தால், ஏதாவது ஓர் அரசனைக் கொண்டுவந்து நிரப்பத் தோன்றும். பெரியாழ்வார் திருமொழிக்குப் பெரியவாச்சான்பிள்ளை அருளிய வ்யாக்யானத்தின் பெரும்பகுதி செல்லரித்து லுப்தமாயிற்று. மாமுனிகள் லுப்தமான பகுதிக்கு மட்டும் வ்யாக்யானம் அருளி, பிள்ளையின் வாக்கு எஞ்சியிருந்த இடம் வந்ததும் நிறுத்திக்கொண்டார். மாமுனிகளுக்கு மேலும் எழுதும் சக்தி இல்லையா? இது இன்னாருடையது, இதுமுதல் இன்னாருடையது என்று இன்றும் நாம் கைகாட்டிச் சொல்லமுடிகிறது.

வீரையிலோ, வேறெந்த ஊரிலோ, தொடங்க எண்ணுவோர்க்கு நடைமுறையாகச் சில சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். முதலாண்டில் நூல் எழுதவேண்டாம். கோயிலைச் சுற்றிவந்து எழுத்துள்ள கல் ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, ஜகதியில் உள்ளதா, குமுதத்தில் உள்ளதா, சுவரிலா, தூணிலா, எத்திசை நோக்கியது என்று குறிக்கவேண்டும். துண்டுக்கல்லையும் விடலாகாது, படிக்கட்டில் தலைகீழாகப் பதிந்த கல்லில் பாதி வரி இருக்கும். ஏடுகளை உரியவர் வீட்டிலேயே இருக்கவிட்டு, படம் எடுத்துக்கொண்டு, முதல் ஓலையையும் கடைசி ஓலையையும் வாசித்துப் பெயர் எழுதவேண்டும். வாங்கிவரவேண்டும் என்ற ஆசை எழுந்தால் அடக்கிக்கொள்வது நன்று. ஏட்டை வாங்கிப் போனவர் மறுபடி வந்த ஊர் குறைவு. கிடைத்த கல்வெட்டு புதியதென்று தோன்றினால், தமிழகத் தொல்லியல் கழகத்தார் வெளியிடும் ஆவணம் இதழுக்கு எழுதிக் கேட்கலாம். மைப்படி, படம், குறிப்பு ஆகியவற்றை மூன்று ப்ரதியாக்கி, ஒன்று கோயிலிலும், ஒன்று ஊர்ப் பள்ளியிலும், ஒன்று வெளியூரில் உள்ள ஒரு நூலகத்திலும் வைக்கவேண்டும். பழைய ஏடெழுதினவர்கள் கடைசி ஓலையில் வருஷம், மாஸம், நக்ஷத்ரம், எழுதினவர் பெயர், எவருடைய ஏட்டைப் பார்த்து எழுதியது என்பதெல்லாம் குறித்தார்கள். கழகத்தின் ஒவ்வொரு தாளின் அடியிலும் அவ்வாறே நாளும், இடமும், எடுத்தவர் பெயரும், உடனிருந்தவர் பெயரும் இருக்கட்டும்.